சீனக்குடா எண்ணெய்க் குதங்கள் கூறும் பாடம்

புதிய தொழில்நுட்பம் ஒன்று தோன்றின், செல்வமும் வேலையும் அதனைத் தொடர்ந்து வரும் என எண்ணுதல் இயல்பு. வரலாறு அதனை முற்றும் ஒப்புவதில்லை. சான்று தேடி நாம் சேய்மை செல்லவேண்டியதில்லை. திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த சீனக்குடாவே போதும்.

1912ஆம் ஆண்டிற் கட்டத் தொடங்கிய 'குயின் எலிசபெத்' வகைப் போர்க்கப்பல்கள் நிலக்கரியை விடுத்து எண்ணெயையே எரித்தன. வேகம் மிகுந்தது, உலைக்குக் கரி அள்ளுவோர் தொகை குறைந்தது. ஆனால் பிரித்தானியாவில் நிலக்கரி மிகுதி. எண்ணெயோ அயல்நாடுகளிலிருந்தே வரவேண்டும். ஆதலின் கீழ்த்திசைக் கடல்களிற் சேமிப்பிடங்கள் வேண்டப்பட்டன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும் உருக்குக் குதங்கள் 1920களிலும் 1930களிலும் சீனக்குடாவில் எழுந்தமை இதனாலேயாம்.

கடற்படைத் தளம் நிலைத்த காலத்தில் நகரத்தார் பலர் அதனாற் பிழைத்தனர். 1957 அக்டோபரில் அது இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. உரிமை மீண்டது, கடற்படை தந்த ஊதியமோ அதனுடன் அகன்றது. குறை உரிமையை மீட்டதில் அன்று. குதங்கள் எண்ணெயைத் தாங்கினவேயன்றி, அதிலிருந்து வேறொரு பொருளை ஆக்கவில்லை. கொள்வோன் அகன்றதும் அவற்றின் பயனும் ஒடுங்கிற்று.

ஐரோப்பாவில் ரொட்டர்டாம் துறைமுகம் வேறு வழி சென்றது. அங்கே சேமிப்பினை அடுத்துச் சுத்திகரிப்பும், அதனை அடுத்து இரசாயனத் தொழிலும் வளர்ந்தன. நம் நாட்டில் 1969இல் இயங்கத் தொடங்கிய மசகு எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம் கொழும்பை அடுத்த சப்புகஸ்கந்தையில் அமைந்தது. குதங்களோ இங்கே தனித்து நின்றன.

எனினும் இக்கடலோரமே மாற்றுச் சான்றொன்றும் தருகின்றது. 1980இல் இயங்கத் தொடங்கிய பிறீமா மாவாலையும், அதன் பின்னர் எழுந்த டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலையும் மூலப்பொருளைக் கப்பலிற் பெறுகின்றன. வந்த கோதுமை மாவாகின்றது. வந்த கிளிங்கர் சீமெந்தாகின்றது. அம்மாற்றத்திலேயே தொழிலாளர்க்கு வேலை பிறக்கின்றது.

2022 சனவரி உடன்படிக்கைப்படி 99 குதங்களுள் 14 லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்துக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இரண்டன் கூட்டு நிறுவனத்துக்கும் வகுக்கப்பட்டன. யார் கையில் எத்தனை குதங்கள் என்று கணக்கிடுதல் எளிது. அவற்றின் அருகே என்ன தொழில் எழும், அதற்கு வேண்டிய பயிற்சியை நம் இளைஞர் எங்கே பெறுவர் என்பனவே நாம் கேட்கவேண்டிய வினாக்கள்.