தபாலில் வந்த வாத்தியார்



என் அத்தை மகன் ஒருவன் இருக்கிறான். என்னைவிட மூன்று வயது மூத்தவன். மாமாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு ஒரு மெக்கானிக் ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தான். இரண்டு வருடம் கழித்து, திடீரென்று பத்தாவது எழுதப் போகிறேன் என்றான். தனித்தேர்வராக விண்ணப்பம் போட்டான், கடைத்தெருவில் கெய்டு வாங்கினான், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் உட்கார்ந்து படித்தான். மற்ற பாடங்கள் தேறிவிட்டன. கணக்கு மட்டும் போய்விட்டது. மறுபடி எழுதினான். மறுபடியும் போனது. அன்றைக்கு அவன் சொன்ன வார்த்தை இது: "எல்லாத்தையும் போட்டேன்டா. எதுல தப்பு விட்டேன்னே தெரியல."

இந்தக் கட்டுரைக்குக் காரணம் அந்தக் கடைசி வரிதான். பள்ளிக்கூடம் போகாமல், அல்லது பள்ளியில் இருந்துகொண்டே வாத்தியார் இல்லாத ஒரு பாடத்தைத் தானாகவே படிப்பது எப்படி நடக்கிறது? இதற்கு ஒரு வரலாறு இருக்கிறதா என்று தேடினேன். இருக்கிறது, எதிர்பார்த்ததைவிட நீளமாகவே.

பொதுவாக 1840-இல் ஆரம்பிப்பார்கள். இங்கிலாந்தில் அந்த வருடம்தான் ஒரு பென்னிக்கு நாடு முழுக்கக் கடிதம் அனுப்பும் தபால் முறை வந்தது. ஒரு சுருக்கெழுத்து முறையை உருவாக்கிய ஐசக் பிட்மன் அதை உடனே பிடித்துக்கொண்டார். சுருக்கெழுத்து விதிகளைச் சின்ன அட்டையில் அடக்கி மாணவர்களுக்கு அனுப்புவார். அவர்கள் பைபிள் வசனங்களைச் சுருக்கெழுத்தில் எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். அதைத் திருத்தி மறுபடி அனுப்புவார்கள். நம்ம ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் போர்டுகளில் 'பிட்மன்' என்று பார்த்திருப்பீர்களே, அவரேதான். இதில் ஒன்றைக் கவனியுங்கள். அட்டை போனது பெரிய விஷயமில்லை, புத்தகம்கூடத்தான் போகும். எழுதியது திருத்தப்பட்டுத் திரும்பி வந்ததுதான் புதுசு.

அடுத்தது 1858. லண்டன் பல்கலைக்கழகம் தன் தேர்வுகளை, எங்கே படித்தவராக இருந்தாலும் எழுதலாம் என்று திறந்துவிட்டது. கல்லூரியே வேண்டாம், வீட்டில் படித்துவிட்டு வந்து எழுதிக்கொள். பெரிய புரட்சிதான், சந்தேகமில்லை. ஆனால் பல்கலைக்கழகம் கேள்வித்தாள் கொடுத்ததே தவிர, பாடம் சொல்லித் தரவில்லை. நம் தனித்தேர்வர் நிலைமை அப்படியே! அந்த இடைவெளியில் ஒரு வியாபாரமே முளைத்தது. 1887-இல் வில்லியம் பிரிக்ஸ் என்பவர் லண்டன் தேர்வு எழுதுவோருக்காக ஒரு அஞ்சல்வழிக் கல்லூரி தொடங்கினார். அதில் வேலை பார்த்த வாத்தியார்களில் ஒருவர் யார் தெரியுமா? பிற்பாடு 'டைம் மெஷின்' எழுதிய எச். ஜி. வெல்ஸ். அவரும் 1890-இல் இதே லண்டன் தேர்வில் பட்டம் வாங்கியவர்தான். இந்த மாணவர்களுக்காகவே அவர் எழுதிய உயிரியல் பாடப்புத்தகம் 1893-இல் வந்தது. அவருடைய முதல் நாவலுக்கும் முந்தியது அது.

இந்த இடத்தில் கும்பகோணத்துக்கு வர வேண்டும். தனியாகப் படித்தவர் என்றால் நம் எல்லோருக்கும் ராமானுஜன்தான் நினைவுக்கு வருவார். "ராமானுஜன் யார்கிட்ட டியூஷன் போனார்?" என்று கேட்டு வாயை அடைப்பவர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். சரி, அந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

1903-இல், டவுன் ஹைஸ்கூலில் படிக்கும்போது, ஜி. எஸ். கார் எழுதிய ஒரு கணிதத் தொகுப்பு அவர் கைக்குக் கிடைத்தது. கார் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வுக்கு மாணவர்களைத் தயார் செய்த தனிப்பயிற்சி ஆசிரியர். நம் பாஷையில் டுட்டோரியல் வாத்தியார். புத்தகமும் அப்படியே இருந்தது. ஆயிரக்கணக்கான முடிவுகள் வரிசையாக எண் போட்டு அடுக்கப்பட்டிருக்கும், நிரூபணம் பெரும்பாலும் இருக்காது, இருந்தாலும் ஒரு வரிக் குறிப்புதான். கார் நினைத்தது, வகுப்பில் படித்தவன் பரீட்சைக்கு முன் புரட்டிப் பார்க்கட்டும் என்று. ராமானுஜனுக்கு அந்த வகுப்பே கிடையாது. அவரே ஒவ்வொன்றையும் பலகையில் போட்டுப் பார்த்து, முழங்கையால் அழித்துவிட்டு, முடிவை மட்டும் நோட்டில் எழுதிவைத்தார். காகிதம் வாங்கக் காசில்லை.

1904-இல் கணிதப் பரிசோடு பள்ளியை முடித்தார். கல்லூரியில் உதவித்தொகையும் கிடைத்தது. மற்ற பாடங்களைத் தொடவில்லை, உதவித்தொகை போயிற்று. பிறகு பச்சையப்பன் கல்லூரி. எஃப்.ஏ. தேர்வில் 1906-இல் தோல்வி, 1907-இல் மறுபடி தோல்வி. அந்தத் தேர்வில் தேறாமலேயே 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலைக்குப் போனார்.

அவருடைய தாளைப் படித்துத் திருப்பிக் கொடுக்கச் சரியான ஆள் எப்போது கிடைத்தார்? ராமசாமி ஐயர், சேஷு ஐயர் போன்றவர்கள் கைகொடுத்தார்கள், 1911-இல் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் கட்டுரையும் வந்தது. உண்மைதான். ஆனால் அவர் 1913 ஜனவரியில் எழுதிய கடிதத்துக்கு ஹார்டி போட்ட பதிலில்தான், 'இதற்கு நிரூபணம் எங்கே?' என்ற கேள்வி கேம்பிரிட்ஜிலிருந்து வந்தது. 1903-க்கும் 1913-க்கும் நடுவில் பத்து வருடம். அந்தப் பத்து வருடத்தில் ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரிந்திருந்த பலவற்றை அவர் தானாக மறுபடி கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். சிலது தப்பாகவும் இருந்தது. பகா எண்களைப் பற்றி ஹார்டிக்கு எழுதியதிலேயே தவறுகள் இருந்தன. ஆக, 'தனியாகவே படித்து மேலே வரலாம்' என்பதற்கு ராமானுஜனை உதாரணம் காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. தபால் வராமல் போனால் எவ்வளவு வீணாகும் என்பதற்குத்தான் அவர் வாழ்க்கை சாட்சி. (இதற்காக யாரும் சண்டைக்கு வர வேண்டாம், நானும் அவர் ரசிகன்தான் :-) )

அதே காலத்தில் அமெரிக்காவில் வேறு விதமாக ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது. பென்சில்வேனியா நிலக்கரிச் சுரங்கங்களில் நடந்த விபத்துகளால், பொறுப்பில் இருப்பவர்கள் பரீட்சை எழுதித் தேற வேண்டும் என்று சட்டம் வந்தது. சுரங்கத் தொழிலாளி எந்தப் பள்ளிக்குப் போவான்? தாமஸ் ஃபாஸ்டர் என்ற பத்திரிகையாளர் தன் சுரங்கப் பத்திரிகையில் கேள்வி-பதில் போட ஆரம்பித்து, 1891-இல் அதையே தபால் பாடமாக்கினார். ஸ்க்ராண்டன் நகரில் பிறந்த அந்த நிறுவனம் பிற்பாடு உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் சேர்ந்தவர்களில் பாதியில் விட்டவர்களே அதிகம். வீட்டில் தனியாக, வேலை முடிந்து வந்து படிப்பதில் இருக்கும் கஷ்டம் அது. என் அத்தை மகனுக்குத் தெரியும்.

இதற்கு மருந்து கண்டுபிடித்தது ஒரு சின்ன ஊர். 1923-இல் மிச்சிகன் மாநிலத்தில் பெண்டன் ஹார்பர் என்ற ஊரின் பள்ளிக் கண்காணிப்பாளர் மிட்செல் ஒரு யோசனை செய்தார. பிள்ளைகளுக்குப் பலவகைத் தொழிற்பாடங்கள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆசிரியரை நியமிக்கப் பணம் கிடையாது. அதே ஸ்க்ராண்டன் நிறுவனத்தின் பாடங்களைப் பள்ளியே வாங்கி, பள்ளி நேரத்திலேயே, ஒரு ஆசிரியர் பார்வையில் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். இதற்கு மேற்பார்வை அஞ்சல்வழிக் கல்வி என்று பெயர் வந்தது.

1929-இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் இதை எடுத்துக்கொண்டு, உயர்நிலைப்பள்ளிப் பாடங்களையே தபாலில் நடத்தத் தொடங்கியது. நெப்ராஸ்கா என்றால் கோதுமை வயலும் சோள வயலும். நாலைந்து வாத்தியார் மட்டும் இருக்கும் குட்டிப் பள்ளிகள். அங்கே ஒரு பையன் லத்தீனோ, மேல்நிலைக் கணிதமோ படிக்க ஆசைப்பட்டால் வழி இல்லை. இந்த ஏற்பாட்டில் அவனுக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து பாடத்தொகுதி வரும். தினமும் ஒரு பீரியடில், நூலகத்திலோ வேறு வகுப்பின் பின்பெஞ்சிலோ உட்கார்ந்து அவன் அதைப் படிப்பான். எழுதிய விடைத்தாள் தபாலில் போகும். பாடம் தெரிந்த ஆசிரியர் பல்கலைக்கழகத்தில் திருத்தி அனுப்புவார். பரீட்சை உள்ளூர்ப் பள்ளியில், கண்காணிப்போடு நடக்கும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், அந்த உள்ளூர் மேற்பார்வை ஆசிரியர். அவருக்கு லத்தீன் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை! 'இந்த வாரத் தாள் எங்கேப்பா?' என்று கேட்க வேண்டும், தபாலில் சேர்க்க வேண்டும், திரும்பி வந்ததும் பையன் கையில் கொடுத்து அவன் அதைப் படித்தானா என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான். வாத்தியார் வேலையை அவர்கள் இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். பாடம் தெரிந்தவர் நூறு மைல் தள்ளி இருக்கலாம், ஆனால் பக்கத்தில் இருந்து கேட்க ஒருவர் வேண்டும். பிறகு அது முழு உயர்நிலைப்பள்ளியாகவே வளர்ந்து, தானே சான்றிதழ் கொடுக்கும் நிலைக்கு வந்தது. 'தனிப்படிப்பு உயர்நிலைப்பள்ளி' என்றே ரொம்ப நாள் அதற்குப் பெயர். பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸ்கூட அதில் படித்தவர்தான்.

நம் நாட்டுக்கு வருவோம். 1979-இல் சி.பி.எஸ்.இ. ஒரு திறந்தவெளிப் பள்ளித் திட்டத்தை ஆரம்பித்தது. 1989-இல் அது தேசியத் திறந்தவெளிப் பள்ளி என்ற தனி அமைப்பானது. 2002-இல் என்.ஐ.ஓ.எஸ். என்று பெயர் மாறியது. வருடத்துக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு, ஐந்து வருடத்தில் ஒன்பது வாய்ப்பு, தேறிய பாடத்தை மறுபடி எழுத வேண்டாம். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவனுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. விதிமுறையில், ஆசிரியர் திருத்தும் ஒப்படைப்பு என்று ஒன்று உண்டு, அதற்கு இருபது சதவீத மதிப்பெண். படிப்பு மையத்தில் நேர்முக வகுப்பும் உண்டு. பிட்மனின் அட்டையும் நெப்ராஸ்காவின் மேற்பார்வை ஆசிரியரும் காகிதத்தில் இரண்டுமே இருக்கிறார்கள்.

காகிதத்தில் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு அக்கா இப்படித் திறந்தவெளிப் பள்ளியில் ப்ளஸ் டூ படித்தார். ஒரு மையத்தில் (பெயர் வேண்டாம்) ஒப்படைப்புகளைக் கட்டிக் கொடுத்தார். மார்க் வந்தது. தாள் வரவில்லை. கேட்டதற்கு, "மார்க்தான் போட்டாச்சே, தாள் எதுக்கும்மா?" என்றார்களாம்.

அத்தை மகன் கதையை முடிக்கவில்லையே. மூன்றாம் முறை அவன் கெய்டு வாங்கவில்லை. ஷெட்டுக்கு ஸ்கூட்டர் விட வரும் ரிட்டயர்டு வாத்தியார் ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னான். அவர் பாடம் எடுக்கவில்லை, நேரமில்லை என்று சொல்லிவிட்டார். வாரம் ஒரு கேள்வித்தாளை எழுதி வண்டி பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து கொடுப்பார். போன வாரத்துத் தாளைச் சிவப்பு மையில் கிறுக்கித் திருப்பித் தருவார். மூன்றாவது தாளிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. சூத்திரமெல்லாம் சரியாகப் போட்டுவிட்டு, அடைப்புக்குறியைப் பிரிக்கும்போது கழித்தல் குறியை முதல் உறுப்போடு விட்டுவிடுகிறான். எல்லாக் கணக்கிலும் அதே தப்பு. இரண்டு பரீட்சை அதில்தான் போயிருக்கிறது.

போன ஜூனில் 58 வாங்கினான். அந்தச் சிவப்பு மைத் தாள்கள் பதினாறும் ஷெட்டில், ஸ்பேனர் பெட்டிக்கு மேல் ஒரு ரெக்ஸின் பையில் இருக்கின்றன. ஆயில் கறையோடு.