கார்ன்வாலிஸ் கோட்டையும் நாடுகடத்தப்பட்டோர் சரித்திரமும்

பினாங்குத் தீவின் ஆயர் ஈத்தாமில் வாழும் நமக்கு அண்மையில் ஓங்கி நிற்கும் மலை கொடிமலை என்று பெயர் பெற்றதற்குக் காரணம், அதன் உச்சியில் நாட்டப்பெற்ற கொடிமரத்திலிருந்து கப்பல்கள் வரும் செய்தியை அடையாளக் கொடிகளால் கடற்கரைக் கோட்டைக்கு அறிவித்து வந்த பழைய ஏற்பாடேயாகும். அச்செய்தியைப் பெற்றுவந்த கார்ன்வாலிஸ் கோட்டையோ, புறமதிலும் சிறு தேவாலயமும் வெடிமருந்துக் கிடங்கும் சில அறைகளுமே எஞ்ச, பாடாங் கோத்தா லாமாத் திடலின் அருகே இன்று நிற்கிறது. இதனை ஆங்கிலேயரின் யுத்த சரித்திரத்தில் ஓர் அத்தியாயமாகக் கொள்வதே வழக்கம். அவ்வழக்கம் பொருந்தாது என்பதும், இக்கோட்டை முதன்மையாக இந்தியக் கைதிகளின் உழைப்புக்குச் சாட்சி என்பதும் என் துணிபு.

யுத்தத்தைப் பொறுத்தவரை சொல்லத்தக்கது மிகக் குறைவு. 1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் இத்தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் உடைமையாக்கியபோது இங்கிருந்தது நிபோங் மரங்களால் ஆன வேலி அரண் மட்டுமே. 1791இல் கெடா சுல்தானின் படைகள் எதிர்க்கரையிலுள்ள பிறையில் திரண்டபோதும், லைட் தாமே முந்திக் கடல் கடந்து தாக்கினாராதலின், அரண் முற்றுகையைக் காணவில்லை. பிரெஞ்சுக்காரருக்கு அஞ்சி எழுப்பிய செங்கல் மதில் 1810இல் நிறைவுற்றது. அவ்வாண்டின் இறுதியிலேயே மொரீஷியசும், மறு ஆண்டில் ஜாவாவும் ஆங்கிலேயர் வசமாகவே, அந்த அச்சமும் நீங்கிற்று. பின்னர், சென்னையைக் குண்டுவீசி நடுங்கவைத்த அதே எம்டன் கப்பல் 1914 அக்டோபர் 28 அன்று இத்துறைமுகத்துள் புகுந்து ருஷ்யக் கப்பலொன்றை மூழ்கடித்தபோது, கோட்டை வெறும் காட்சிப்பொருளாகவே இருந்தது. இங்கே இன்று யாவரும் தேடிக் காணும் ஸ்ரீ ரம்பாய் என்னும் பீரங்கியும் இக்கோட்டைக்கென வார்க்கப்பட்டதன்று. 1603இல் டச்சுக்காரர் வார்த்த அது, 1871இல் சிலாங்கூரிலிருந்து கைப்பற்றிக் கொணரப்பட்டது.

ஆகவே கேட்கத்தக்க கேள்வி, இக்கோட்டை யாரை எதிர்த்தது என்பதன்று. இதனை யார் கட்டினர் என்பதே. லைட் வெள்ளிக்காசுகளைப் பீரங்கியில் இட்டுக் காட்டுக்குள் சுட்டார், காசைத் தேடியவர்கள் காட்டை வெட்டினார்கள் என்னும் கர்ணபரம்பரைக் கதைகூட, துரையின் சாமர்த்தியத்தைப் புகழும் சாக்கில், கோடரி பிடித்த கைகள் வேறு என்பதை ஒப்புக்கொண்டு விடுகிறது. 1804க்குப் பின் நடந்த செங்கல் வேலையிலோ அக்கைகள், வங்காளம், சென்னை முதலிய மாகாணங்களிலிருந்து தீவாந்தர தண்டனை பெற்று வந்தவர்களுடையவை. இக்காரியத்தைத் தொடங்கிவைத்த கவர்னர் பார்க்குவாரின் பெயரை நகரத்தின் ஒரு வீதி இன்றும் தாங்குகிறது. மண் சுமந்தவர்களின் பெயரை ஒரு சந்தும் தாங்கவில்லை.

இக்கைதிகளோடு சேர்த்து எண்ணலாகாத, எனினும் பிரித்து மறந்துவிடவும் கூடாத வேறொரு கூட்டமும் உண்டு. தென்பாண்டிச் சீமையில் பாளையக்காரர் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டு, சிவகங்கையின் மருது சகோதரர் தூக்கிலிடப்பட்ட பின், சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் எழுபதுக்கு மேற்பட்ட துணைவரும் 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியில் கப்பலேற்றப்பட்டு இத்தீவுக்கு அனுப்பப்பட்டனர். இவர்கள் கொள்ளையும் கொலையும் செய்தவர்கள் அல்லர், அரசியற் கைதிகள். சின்ன மருதுவிடம் ஈட்டியெறியவும் வளரி வீசவும் ஒருகாலத்தில் கற்றுக்கொண்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கிலத் தளபதி, 1818இல் பினாங்கில் தம்மைக் காணவந்த தளர்ந்த மனிதர் அத்துரைசாமியே என்று அறிந்து கலங்கியதைத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். சிறைபுகுந்தபோது பதினைந்து வயதளவே ஆன பிள்ளை, முப்பது கடந்த சில ஆண்டுகளிலேயே கிழவராகிவிட்டிருந்தார். இந்தப் பக்கத்தை வாசிக்கையில் என் மனம் இன்னும் ஆறுவதில்லை.

பினாங்குத் தமிழரின் சரித்திரத்தைச் சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகரிலிருந்தோ தோட்டத் தொழிலாளரிலிருந்தோ மட்டும் தொடங்குவது இதனால் நிறைவற்றதாகிறது. சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலுள்ள மாகாணப் பதிவேடுகளை நம் ஆராய்ச்சி மாணவர்கள் பொறுமையோடு புரட்டி, இத்தீவுக்கு அனுப்பப்பட்டோரின் பெயர்களை ஒவ்வொன்றாகத் தொகுத்து, அப்பட்டியலைத் தமிழிலும் மலாயிலும் கோட்டை வாயிலில் பொறிக்க முன்வர வேண்டும்.