கடையில் பாட்டு, கடிதத்தில் காதல்

எர்ன்ஸ்ட் லூபிட்ஷ் இயக்கத்தில் எம்.ஜி.எம். நிறுவனம் 1940இல் வெளியிட்ட 'த ஷாப் அரவுண்ட் த கார்னர்' படத்தை, அதே நிறுவனம் 1949இல் 'இன் த குட் ஓல்ட் சம்மர்டைம்' என்ற இசைப்படமாகத் திரும்ப எடுத்தது. இரண்டுக்கும் வேர் ஹங்கேரிய நாடகாசிரியர் மிக்லோஷ் லாஸ்லோவின் நாடகம். ஒரே கடையில் வேலை பார்க்கும் ஆணும் பெண்ணும் நேரில் எலியும் பூனையுமாக இருக்கிறார்கள். முகம் அறியாமல் எழுதிக்கொள்ளும் கடிதங்களில் ஒருவர்மேல் ஒருவர் உயிரை வைத்திருக்கிறார்கள். புடாபெஸ்ட் நகரத்துத் தோல்பொருள் கடை, மறு ஆக்கத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கச் சிகாகோவில் இசைக்கடையாகிறது.

இதை நீர்த்துப்போன லூபிட்ஷ் என்று ஒதுக்குவோர் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. இசைப்படத்தில் பாத்திரங்கள் பேச முடியாததைப் பாடுவார்கள். பாட்டுதான் மனத்தின் குரல். இந்தக் கதையிலோ மனத்தின் குரலைக் கடிதம் முன்பே எடுத்துக்கொண்டுவிட்டது. அப்படியானால் பாட்டுக்கு என்ன வேலை? இயக்குநர் ராபர்ட் இசட். லெனார்டின் படம் தரும் விடை துணிச்சலானது: பாட்டைக் கடைச் சரக்காக்கிவிடுகிறது.

கதாநாயகி வேலைக்குச் சேரும் காட்சியை இரு படங்களிலும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். லூபிட்ஷின் நாயகி (மார்கரெட் சல்லவன்) விற்பது, திறந்தால் மெட்டு ஒலிக்கும் சிகரெட் பெட்டி. அதை அவள் மிட்டாய்ப் பெட்டி என்கிறாள். ஒவ்வொரு முறை மிட்டாய் எடுக்கும்போதும் இசை எச்சரிக்கும், அதனால் அளவோடு தின்னலாம் என்று வாடிக்கையாளரை மடக்கிவிடுகிறாள். வேலை கிடைத்தாக வேண்டிய பெண்ணின் பதற்றத்திலிருந்து பிறந்த சாமர்த்தியம் அது. 1949இல் ஜூடி கார்லண்ட் ஹார்ப் ஒன்றை மீட்டிப் பாடியே அதை விற்கிறார். சொல்வன்மை இருந்த இடத்தில் குரல். அந்தக் குரலின் இனிமையில், அது ஒரு விற்பனை உத்தி என்பதை நாம் மறந்துபோகிறோம்.

வரலாறும் இதற்குத் துணை நிற்கிறது. இசைத்தட்டு வீடுதோறும் பரவுவதற்கு முன் அமெரிக்காவில் பாட்டு என்றால் அச்சிட்ட இசைத்தாள்தான். அதை விற்க ஒருவர் பியானோ முன் உட்கார்ந்து வாசித்துக் காட்ட வேண்டும். ஜார்ஜ் கெர்ஷ்வின் 1914இல், பதினைந்து வயதில், ரெமிக் பதிப்பகத்தில் இந்த வேலையைத்தான் பார்த்தார். படத்தின் தலைப்புப் பாடலே 1902ஆம் ஆண்டின் இசைத்தாள் வெற்றி.

இந்த உத்திக்குக் கொடுத்த விலை சிறிதல்ல. லூபிட்ஷ் படத்தில் முதலாளி தன் மனைவியின் துரோகத்துக்குக் காரணம் கதாநாயகன்தான் என்று தவறாக நம்பி வேலையைவிட்டு நீக்குகிறார். உண்மை தெரிந்ததும் தற்கொலைக்கு முயல்கிறார். அவர் யாரிடமாவது மனம்திறந்து கருத்துக் கேட்டால் போதும், குடும்பஸ்தரான கடை ஊழியர் பிரோவிட்ச் வேலை பறிபோகும் பயத்தில் மாடிப்படியேறி மறைந்துவிடுவார். மறு ஆக்கத்தில் துரோகத்தின் இடத்தில் ஒரு ஸ்ட்ராடிவேரியஸ் வயலின் வந்து உட்கார்கிறது. பஸ்டர் கீட்டன் ஒரு வயலினோடு விழுந்து அதை நொறுக்கும் காட்சி உடற்கலையின் அற்புதம். ஆனாலும் உடைவது ஒரு கருவி, ஒரு மனிதர் அல்ல. பிழைப்பு குறித்த அச்சம் கடையைவிட்டே வெளியேறிவிட்டது.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது வெட்டப்பட்ட ஒரு பாட்டு. ஹரால்டு ஆர்லன் இசையில் யிப் ஹார்பர்க் எழுதிய 'லாஸ்ட் நைட் வென் வி வேர் யங்' என்ற பாடலைக் கார்லண்ட் இந்தப் படத்துக்காகப் பாடினார், படமாக்கியும் விட்டார்கள், பிறகு நீக்கினார்கள். 1930களின் அந்தப் பாட்டு கதையின் காலத்துக்கு ஒட்டாது என்பது சரியே. ஆனால் ஒருத்தி தனக்காக மட்டும் பாடியிருக்கக்கூடிய இடம் அது. மிஞ்சியவற்றில் ஏறக்குறைய எல்லாமே வாடிக்கையாளருக்காகவோ விருந்தினருக்காகவோ பாடப்படுபவை.

இதே கதையிலிருந்து 1963இல் பிராட்வேக்கு வந்த 'ஷி லவ்ஸ் மி' எதிர்த்திசையில் சென்றது. புடாபெஸ்டுக்கே திரும்பி, ஜெரி பாக்கும் ஷெல்டன் ஹார்னிக்கும் பாத்திரங்களுக்கென்றே புதிதாகப் பாட்டுகள் இயற்றினர். கடிதமே அங்கே பாட்டாயிற்று. பாட்டைச் சரக்காகவே வைத்திருந்த 1949ஆம் ஆண்டுப் படம் அந்த வழியைத் தானே அடைத்துக்கொண்டது.

லூபிட்ஷ் படத்தில் அஞ்சலகப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்த ஒரு காட்சி உண்டு. கையுறை அணிந்த கை உள்ளே நுழைந்து துழாவுகிறது, கடிதம் இல்லை, பிறகு சல்லவனின் முகம் குனிந்து எட்டிப் பார்க்கிறது. சில நொடிகள்தான். 1949ஆம் ஆண்டுப் படத்தில் அந்தக் கைக்கு ஈடாக நின்றிருக்கக்கூடியது அந்த ஒரு பாட்டு. அதன் ஒலிப்பதிவு இன்றும் கேட்கக் கிடைக்கிறது.