படிக்கப் போன இடத்தில் சங்கம் எதற்கு?



ஸ்ரீ கெம்பாங்கானில் அடுக்குமாடி வீடொன்றில் குடியிருக்கும் ஓர் அம்மா அண்மையில் நம்மைத் தேடி வந்தார். கணவர் பால்மரம் வெட்டியவர். தோட்டத்து நிலம் வீடமைப்புக்குப் போன பிறகு இங்கே குடிவந்த குடும்பம். மகளுக்குப் பக்கத்திலேயே, செர்டாங்கில், புத்ரா பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் அம்மாவின் முகத்தில் கலக்கம். மாணவர் சங்கத் தேர்தலில் செயலாளர் பொறுப்புக்கு மகளை நிற்கச் சொல்கிறார்களாம். "ஐயா, நீங்க பாடஞ் சொல்லிக் கொடுத்த பிள்ளை. சங்கம் கிங்கம்னு போக வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. படிக்கத்தானே அனுப்பினோம்?" என்றார்.

இந்தக் கேள்வியை நாம் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கூலி வேலை செய்து பிள்ளையை ஆறாம் படிவம் வரை கொண்டு வந்தவர்களுக்குத்தான் ஓர் இடம் பறிபோவது என்றால் என்னவென்று தெரியும். அந்த அச்சத்திற்கு ஒரு சரித்திரமும் இருக்கிறது. அதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

மலாயாப் பல்கலைக்கழகம் 1949ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சிங்கப்பூரில் தொடங்கப்பட்டது. மருத்துவக் கல்லூரியையும் ராபிள்ஸ் கல்லூரியையும் இணைத்து உண்டாக்கியது அது. நான்காண்டுகள் கழிந்து, 1953இல் மாணவர் சிலர் சோஷலிஸ்ட் மன்றம் ஒன்றை நிறுவி, "ஃபஜார்" என்ற பெயரில் ஆங்கில ஏடொன்றை நடத்தினார்கள். ஃபஜார் என்றால் விடியல். 1954 மே மாத இதழில், ஆசியாவில் வெள்ளையர் வல்லரசுகள் செய்யும் ஆக்கிரமிப்பைக் கண்டித்து ஒரு தலையங்கம் வந்தது. அவ்வளவுதான். அந்த மாதமே போலீசார் வந்து எட்டு மாணவர்களைக் கைது செய்தனர். குற்றச்சாட்டு, இராஜத்துரோகம்!

அந்த எட்டுப் பேரில் மலாக்காவில் பிறந்த ராஜகுமார் ஒருவர், அருட்சோதி ஒருவர், ஜேம்ஸ் புதுச்சேரி ஒருவர், தமிழரான ஆசிரியர் ஒருவரின் மகன் எட்வின் தம்பு ஒருவர். இங்கிலாந்திலிருந்து டி. என். பிரிட் என்ற புகழ்பெற்ற வழக்கறிஞர் வந்து வாதாடினார். அவருக்குத் துணையாக நின்ற இளம் வழக்கறிஞர் லீ குவான் யூ. ஆகஸ்டு மாதம் நீதிபதி, எதிர்வாதத்தைக் கேட்கவே தேவையில்லை என்று எட்டுப் பேரையும் விடுதலை செய்தார். மூன்று மாதங்கள் அந்தப் பெற்றோர்கள் எப்படித் தூங்கியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இதே காலத்தில் நம் தோட்டங்களிலும் ஒரு காரியம் நடந்தது. பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை தொடங்க ஏற்பாடாகி, அதில் சமஸ்கிருதத்துக்கு முதலிடம் தரலாம் என்ற கருத்து எழுந்தபோது, தமிழ்தான் இந்நாட்டு இந்தியரில் பெரும்பாலோரின் மொழி என்று தமிழர்கள் குரல் கொடுத்தார்கள். "தமிழ் முரசு" ஆசிரியர் கோ. சாரங்கபாணி "தமிழ் எங்கள் உயிர்" என்று ஒரு நிதியைத் தொடங்கி, ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார். பட்டணத்து வியாபாரியும் கொடுத்தார். வெட்டுக்காட்டில் நின்றவரும் கொடுத்தார். அன்றைய ஒரு வெள்ளியை இன்றைய ஒரு வெள்ளியாக எண்ணிவிடக் கூடாது. 1956இல் துறை தொடங்கியது, தமிழோடு. பல்கலைக்கழகத்தின் வாசலைக்கூடப் பார்த்திராத மக்கள் அதன் நூலகத்துக்குப் புத்தகம் வாங்கப் பணம் தந்தார்கள். அந்த அம்மாவின் மாமியார் வீட்டிலும் யாராவது ஒரு வெள்ளி கொடுத்திருக்கலாம்; நமக்கென்ன தெரியும்?

பின்னர் பல்கலைக்கழகம் இரண்டு பிரிவாகி, 1962 முதல் மலாயாப் பல்கலைக்கழகம் என்பது கோலாலம்பூர் பந்தாய் பள்ளத்தாக்கில் இருப்பதைக் குறிக்கலாயிற்று. இந்திய இயல் துறையும் அங்கே வந்தது. அங்கிருந்த மாணவர் சங்கம் இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டாத அளவுக்குச் சுதந்திரமானது. தன் பணத்தைத் தானே நிருவகித்தது. 1967இல் கிள்ளான் பக்கம் தெலுக் கோங்கில் நிலமில்லாத விவசாயிகள் வெளியேற்றப்பட்டபோது அவர்களுக்காகப் பேசியது. 1969 பொதுத் தேர்தலுக்கு முன்னர் ஊர் ஊராகச் சென்று கூட்டம் போட்டது. எல்லாவற்றையும் நாம் சரியென்று சொல்ல வரவில்லை. இருபது வயதில் வேகம் கூடுதலாகத்தான் இருக்கும்.

1974ஆம் ஆண்டுக்கு வருவோம். ரப்பர் விலை சரிந்தது. அரிசி, சீனி விலை ஏறியது. நம் பெற்றோர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தோட்டத் தொழிலாளியின் கூலியும் ரப்பர் விலையை ஒட்டியே ஏறி இறங்கிய காலம் அது. கெடா மாநிலத்தில் பாலிங் வட்டாரத்துச் சிறு தோட்டக்காரர்கள், பெரும்பாலும் மலாய்க் குடும்பங்கள், நவம்பர் மாதம் பசிக்கொடுமை தாங்காமல் ஊர்வலம் போனார்கள். டிசம்பர் 3ஆம் தேதி, அவர்களுக்கு ஆதரவாகக் கோலாலம்பூர் சிலாங்கூர் கிளப் திடலில் பல்கலைக்கழக மாணவர்கள் திரண்டார்கள். கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் கைதானார்கள். இளைஞர் இயக்கத் தலைவராக இருந்த அன்வார் இப்ராகிம் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ இரண்டாண்டுகள் காவலில் வைக்கப்பட்டார். அவர் 2022இல் நாட்டின் பிரதமரானதை நேயர்கள் அறிவார்கள்.

மாணவர் சங்கத்தின் பழைய அதிகாரம் அத்தோடு போயிற்று. 1971இல் வந்த பல்கலைக்கழகச் சட்டம் 1975இல் இறுக்கப்பட்டது. ஒரு மாணவர் மீது நீதிமன்றத்தில் குற்றஞ்சாட்டப்பட்டாலே, தீர்ப்பு வருமுன் அவர் இடைநீக்கம் செய்யப்படுவார் என்று விதி வந்தது. இன்னொரு விதியை நம் மக்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். அரசியல் கட்சிக்கு மட்டுமல்ல, தொழிற்சங்கத்துக்கும் மாணவர் ஆதரவு காட்டக் கூடாது. அதாவது, தகப்பனார் தோட்டத் தொழிற்சங்கத்தில் சந்தா கட்டுகிறவர். அவர் கேட்கும் கூலி உயர்வு நியாயமானது என்று பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகன் கூட்டத்தில் எழுந்து சொன்னால், அது சட்ட மீறல். "வாயை மூடிக்கொண்டு படி" என்று நம் வீடுகளில் சொல்லிப் பழகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

கட்டு இறுகிய பிறகும் பிள்ளைகள் சும்மா இருந்துவிடவில்லை. மொழி, கலை, சமயம், பள்ளிப் பாடம் என்று வேறு வழியில் திரும்பினார்கள். மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை சிறுகதைப் போட்டி நடத்தி, வந்த கதைகளை நூலாக்கி வெளியிட்டது. 1982இல், அங்கே வரலாறு கற்பித்த டாக்டர் தம்பிராஜா ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கினார். பல்கலைக்கழக மாணவர்கள் தம் விடுமுறை நேரத்தைக் கொடுத்து நம் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்தார்கள். தோட்டத்திலிருந்து ஒரு பிள்ளை மேலே போனால் அதன் பின்னால் இரண்டு பிள்ளைகள் போக வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டது. இதை நடத்த யார் யார் வேண்டும் என்று பாருங்கள். நேர அட்டவணை போட ஒருவர், மண்டபம் கேட்டுக் கடிதம் எழுத ஒருவர், கணக்கு வைக்க ஒருவர், வராத பிள்ளையின் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் பேச ஒருவர். தலைமை என்பது பெரும்பாலும் இந்த வேலைகள்தாம். மேடையும் மாலையும் ஆண்டுக்கு ஒருமுறை வருவது.

சட்டத்தின் கட்டுகளும் மெல்லத் தளர்ந்தன. 2012இல், மாணவர்கள் அரசியல் கட்சியில் உறுப்பினராகச் சேர்வதற்கிருந்த தடை நீங்கியது. 2018 டிசம்பரில், வளாகத்துக்குள்ளேயே அரசியல் பேசவும் வழிவிட்டு நாடாளுமன்றம் திருத்தம் செய்தது. இன்று சங்கத்தில் செயலாளராக நிற்கும் பெண், 1974ஆம் ஆண்டின் நிழலில் நிற்கவில்லை. ஆயினும், நேரம் போகும் என்பது உண்மை. கூட்டத்துக்குப் போய்ப் பாடத்தைக் கோட்டைவிட்டவர்களை நாமும் பார்த்திருக்கிறோம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கலைவிழாச் செயலாளராக இருந்து, பரீட்சை நெருங்கும்போது கையைப் பிசைந்த அனுபவம் நமக்கே உண்டு. ஆனால் தோட்டப் பள்ளியில் பெற்றோர் கூட்டத்தை நடத்தும் துணிவு அந்தக் கலைவிழாவில்தான் வந்தது. பாடப் புத்தகத்தில் அல்ல.

இவற்றையெல்லாம் அந்த அம்மாவிடம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். பாலிங் பற்றிச் சொன்னபோது, "அந்த வருஷம் எங்க வீட்டுலயும் மரவள்ளிக்கிழங்குதான் சோறு" என்று அவருடைய தாயார் சொல்லக் கேட்டதாகக் கூறினார். மகளை நிற்கச் சொல்வதா வேண்டாமா என்று நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் ஆகும், எந்த வாரம் பரீட்சை என்று அந்தப் பெண்ணையே எழுதிக்கொண்டு வரச் சொன்னோம்.

எழுந்து வாசல் வரை போனவர் திரும்பி நின்று, "அது சரிங்கய்யா, போலீசு புடிச்ச அந்த எட்டுப் புள்ளைங்க, பாஸ் பண்ணினாங்களா இல்லையா?" என்று கேட்டார்.

நமக்குத் தெரிந்ததைச் சொன்னோம். ராஜகுமார் டாக்டரானார்; 1986 முதல் 1989 வரை உலகக் குடும்ப மருத்துவர் அமைப்புக்குத் தலைவராகவும் இருந்தார். எட்வின் தம்பு பேராசிரியராகவும் சிங்கப்பூரின் பெயர்பெற்ற கவிஞராகவும் விளங்கினார். ஜேம்ஸ் புதுச்சேரி பின்னாளில் சிறைக்குப் போய், அங்கிருந்தபடியே மலாயாப் பொருளாதாரம் யார் கையில் இருக்கிறது என்று ஆராய்ந்து எழுதினார். அந்த நூல் 1960இல் வெளிவந்தது.

"சிறையா?" என்றார் அம்மா. சற்று நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "அவ எழுதிக்கிட்டு வரட்டும், பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.