கிண்டி பாம்புப் பண்ணையும் இருளர்களும்

ரோமுலஸ் விட்டேக்கர் சேலையூரில் தொடங்கிய பாம்புப் பண்ணை, 1972இல் கிண்டிக்கு இடம்பெயர்ந்தது. பாம்பென்றால் அடித்துக் கொன்றே பழகிய நகரத்தாருக்கு, நஞ்சுள்ள கண்ணாடிவிரியன் எது, நஞ்சற்ற சாரை எது என்று நேரில் காட்டிய பூங்கா அது. ஆனால் இந்தக் கல்வியின் ஊற்று இருளர்களிடம் இருந்தது. தடத்தைப் பார்த்தே பாம்பை இனங்காணும் அவர்கள், தோல் வணிகர்களுக்குப் பாம்பு பிடித்துக் கொடுத்துப் பிழைத்து வந்தார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. தோல் ஏற்றுமதியும் பின்னர் தடை செய்யப்பட்டது. பாம்புகள் பிழைத்தன, இருளர் பிழைப்பு போயிற்று. 1978இல் உருவான அவர்களது கூட்டுறவுச் சங்கம் மாற்றுவழி கண்டது. பாம்பைப் பிடித்து, முறிமருந்துக்கு நஞ்செடுத்தபின் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். விட்டேக்கருக்கு 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் அதற்கு 2023வரை காத்திருக்க வேண்டியிருந்தது.