வலியை அளந்த கதை

காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்குக் கருவி இருக்கிறது. வலிக்கு மட்டும் நோயாளி வாய்திறந்து சொன்னால்தான் உண்டு. புற்றுநோயாளிகளின் வலியைக் கவனிக்க இப்போது கைபேசிச் செயலிகள் வந்திருக்கின்றன. அவை எப்படி வந்தன என்று சில மாதங்களாகத் தேடிப் படித்தேன். படித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

தொடக்கம் லண்டனில். நர்சாக இருந்து பின்னர் டாக்டருக்குப் படித்த சிசிலி சாண்டர்ஸ், 1958 முதல் செயின்ட் ஜோசப் காப்பகத்தில் புற்றுநோயாளிகளிடம் பொறுமையாகப் பேசி, அவர்கள் சொன்னதைக் குறித்தும் டேப்பில் பதிந்தும் வைத்தார். வலி வந்து கதறிய பிறகு மார்ஃபின் கொடுக்காமல், வருவதற்கு முன்பே நேரம் பார்த்துக் கொடுத்தால் போதும் என்று காட்டினார். 1967-ல் செயின்ட் கிறிஸ்டோபர் காப்பகத்தைத் தொடங்கினார்.

1975-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் மெல்சாக் வலியைச் சொல்லும் 78 சொற்களை 20 தொகுதிகளாகப் பிரித்து ஒரு வினாத்தாள் வெளியிட்டார். நம் பாட்டிமாருக்கு இது புதிதல்ல. குத்துகிறது, குடைகிறது, கடுக்கிறது, எரிகிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது என்று அவர்கள் தனித்தனியாகத்தானே சொல்வார்கள்!

1986-ல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கு மூன்று படி ஏணி ஒன்றை வகுத்தது. சாதாரண வலி மாத்திரையில் தொடங்கி மார்ஃபின் வரை. ஆனால் இந்தியாவில் அதற்கு முந்தைய ஆண்டுதான் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்திருந்தது. அதன் கெடுபிடியில் மருந்துக்கான மார்ஃபினும் சிக்கிக்கொண்டது. 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் எம். ஆர். ராஜகோபால் முதலானோர் வலி நிவாரண அமைப்பைத் தொடங்கிப் போராடினார்கள். சட்டம் தளர்ந்தது 2014-ல்தான்.

மருந்து கிடைத்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. என் அக்கா நோயில் இருந்தபோது நான் உடன் போவேன். டாக்டர், “வலி எப்படிம்மா இருக்கு?” என்பார். “பரவாயில்லை டாக்டர்” என்பாள். முதல் நாள் இரவு இரண்டு மணிக்கு அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். டாக்டர் கேட்ட நேரத்தில் வலி குறைவாக இருந்தது, அவ்வளவுதான்.

சரி, நோட்டில் எழுதி வரச் சொன்னால்? 2002-ல் அமெரிக்காவில் ஆர்தர் ஸ்டோன் குழுவினர் சோதித்தார்கள். நாட்பட்ட வலி உள்ளவர்களிடம் நாட்குறிப்புக் கொடுத்து, அதைத் திறந்தால் பதிவாகும் ஒளி உணரியை உள்ளே மறைத்து வைத்தார்கள். நேரத்துக்கு எழுதியதாகக் காட்டியது 90 சதவீதம். உண்மையில் எழுதியது 11 சதவீதம். மற்றதெல்லாம் பின்னால் உட்கார்ந்து நிரப்பியது! நேரம் வந்ததும் ஒலியெழுப்பிக் கேட்ட மின்னணுக் கருவியிலோ 94 சதவீதம். செயலிகளுக்கு வழி திறந்தது இதுபோன்ற ஆய்வுகள்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது டொரொண்டோ குழந்தைகள் மருத்துவமனையில் ஜெனிஃபர் ஸ்டின்சன் என்ற நர்ஸ் ஆய்வாளரின் குழு உருவாக்கிய ‘பெயின் ஸ்குவாட்’ செயலி. புற்றுநோய் வந்த பிள்ளைகளை வலியைத் துப்பறியும் போலீஸ் படையில் சேர்த்துவிடுகிறார்கள். காலையும் மாலையும் ஐபோன் அழைக்கும். உடல் படத்தில் வலிக்கும் இடத்தைத் தொட்டு, எவ்வளவு என்று காட்ட வேண்டும். ஒழுங்காகப் பதிந்தால் பதவி உயர்வு! தொலைக்காட்சித் தொடர்களில் போலீசாக நடித்தவர்களே வீடியோவில் தோன்றிப் பாராட்டுவார்கள்.

இதனால் என்ன பலன் என்பீர்கள். நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் ஈதன் பாஷ் குழுவினர் 766 புற்றுநோயாளிகளிடம் செய்த ஆய்வு 2017-ல் வெளியானது. வலி உள்ளிட்ட தொல்லைகளை ஒரு பகுதியினர் கணினி வழியே தாங்களே பதிந்தார்கள். கடுமையானால் நர்சுக்கு உடனே தகவல் போகும். அவர்களின் இடைநிலை ஆயுள் 31 மாதம். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு 26 மாதம். ஐந்து மாதம்! புது மருந்து எதுவும் இல்லாமல்.

இதில் நர்சுக்குப் போன தகவல்தான் முக்கியம் என்று நினைக்கிறேன். மறுமுனையில் படித்துப் பார்த்து போன் செய்ய ஆள் இல்லாவிட்டால் எத்தனை அழகான செயலியும் பூட்டிய வீட்டின் அழைப்பு மணிதான். உங்கள் வீட்டில் யாராவது சிகிச்சையில் இருந்தால், இரவு வலித்த நேரம், இடம், பத்துக்கு எத்தனை என்பதை அப்போதே குறித்து டாக்டரிடம் காட்டுங்கள். “பரவாயில்லை” என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள்.