லோக்கல் பஸ்ஸில் 150 கிலோமீட்டர்

எடின்பரோவிலிருந்து கார்லைலுக்குச் சுமார் 150 கி.மீ. அந்தத் தூரத்தை ஓடின எக்ஸ்95 லோக்கல் பஸ்ஸாம்! முதல்ல படிச்சப்போ சிரிப்புதான் வந்துச்சு.

விஷயம் சட்டத்துல இருக்கு. பிரிட்டனின் 1985 போக்குவரத்துச் சட்டத்துக்கு மொத்த தூரம் முக்கியமில்லை. தனித்தனியா டிக்கெட் எடுத்து, 15 மைலுக்குள்ள இறங்க முடிஞ்சா அது லோக்கல். ஆனா தடம் 50 கி.மீ. தாண்டினா டிரைவருக்கு ஐரோப்பிய வேலைநேர விதி. அதனால பல நீளமான தடங்களைக் காகிதத்துல துண்டு போட்டாங்க. பெரிய ஃபங்ஷனை நாம உடைக்கிற மாதிரி! பயணிக்கு அதே பஸ், அதே சீட்.

இந்த வழிக்குப் பின்னாடி ஒரு சோகமும் இருக்குங்க. எடின்பரோவையும் கார்லைலையும் இணைச்ச வேவர்லி ரயில்பாதையை மூடச் சொன்னது 1963 பீச்சிங் அறிக்கை. 1969 ஜனவரி 5 ராத்திரி கிளம்பின கடைசி ரயிலை, நியூகாசில்டன் ஊர்க்காரங்க லெவல் கிராசிங் கேட்டை மூடி மறிச்சாங்க. ரயிலில் இருந்த எம்.பி. டேவிட் ஸ்டீல் இறங்கி சமாதானம் பேசினார். ரயில் போச்சு, அதோட பாதையும் போச்சு.

2015ல் ட்வீட்பேங்க் வரை மட்டும் ரயில் திரும்பி வந்தது. அதுக்குத் தெற்கே இருக்கிற ஹாயிக்குக்கு இன்னும் பஸ்தான் கதி.

இப்பல்லாம் நான் சிரிக்கிறதில்லை மக்களே.